கணத்தைப் பிடிக்கும் கருவிகள்

பௌதிகவியல் கற்கவரும் மாணவர் முதலாண்டிலேயே பழகிக்கொள்ளும் வழக்கங்களுள் ஒன்று, எந்த அளவீட்டின் பக்கத்திலும் அதன் வழுவை எழுதிவைத்தலாகும். கம்பியின் விட்டத்தை அளந்தால் திருகுக் கணிச்சியின் வழு. ஊசலின் அலைவுகாலத்தை அளந்தால் நிறுத்தற் கடிகாரத்தின் வழு. ஆயின் அளப்பதற்கு எடுக்கும் நேரமே அளக்கப்படும் பொருளை மறைத்துவிடக்கூடும் என்பதை ஆய்கூட மேசையில் உணர்தல் அரிது. மேசையிலுள்ள பொருள் நமக்காகக் காத்திருக்கும். இன்றைக்கு ஆடிய ஊசல் நாளைக்கும் அவ்வாறே ஆடும். விண்வெளியில் அளக்கும் கருவியும் ஓடுகின்றது, அளக்கப்படுவதும் ஓடுகின்றது.

அந்த ஓட்டத்தின் அளவை நம்மூர்த் தூரங்களில் வைத்துப் பார்ப்போம். ஆனையிறவிலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு நேர்கோடு வரைந்தால் அது ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளும். புவிக்கு மேலே 450 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி ஒன்று செக்கனுக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீற்றர் செல்வது. எனவே அக்கோட்டை அது ஏழு செக்கனுக்குள் கடந்துவிடும். அதிலுள்ள கருவி ஓர் அளவீட்டை முடிக்க ஐந்து செக்கன் எடுக்குமாயின் குடாநாடு முழுவதற்கும் கிடைப்பது ஒன்றரை அளவீடு. அந்த அளவீட்டிலே தென்மராட்சியின் மணலும் கடனீரேரியின் உவர்ச்சேறும் வலிகாமத்தின் செம்மண்ணும் ஒன்றாய்க் குழைந்துவரும். அவ்வாறு பெறப்படும் சராசரி மண் குடாநாட்டில் எங்குமே இல்லாத மண்ணாகும். எந்தக் கமக்காரனும் அதில் வெங்காயம் நட்டதில்லை.

விண்வெளிப் பௌதிகவியலின் வரலாற்றிற் பெரும் பகுதி, இத்தகைய இல்லாத மண்ணை ஆராய்ந்து, பின்னர் உள்ள மண்ணைக் கண்டறிந்த வரலாறு என்பது என் கருத்து. அதை விரிவுரை மண்டபத்திற் சொல்லப் புகுந்த ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, “சேர், துருவ ஒளியை நாங்கள் ஒருநாளும் பார்க்கப் போறதில்லை. பிறகு ஏன் இதைப் படிக்கிறம்?” என்று கேட்டார். வகுப்பிற் சிரிப்பெழுந்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது. ஒன்பதே முக்கால் பாகை வட அகலக்கோட்டுக்குள் அடங்கிய ஊரிலிருந்துகொண்டு நோர்வேயினதும் அலாஸ்காவினதும் வானத்தைப் பற்றி ஏன் பேசவேண்டும்? அன்று மணி அடித்துவிட்டபடியால் முழு விடையும் சொல்ல முடியவில்லை. சொல்ல எண்ணியவற்றைக் கோவைப்படுத்தி எழுத இவ்விதழ் இடந்தந்தது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. வாயுவைப் போதிய அளவு வெப்பமேற்றினாலோ, கடும் ஊதாக்கடந்த கதிர்களுக்கு உட்படுத்தினாலோ அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்று, இலத்திரன்களும் அயன்களும் கலந்த ஒரு கலவை உண்டாகின்றது. சடத்தின் நான்காம் நிலை என்று இதனைச் சொல்வர். இர்விங் இலாங்மியூர் 1928இல் இதற்குப் பிளாஸ்மா என்று பெயரிட்டார். நம்முடைய உயிரியல் மாணவர்க்கோ பிளாஸ்மா என்றால் குருதியின் நீர்ப்பகுதி. ஒரே சொல் இரு துறைகளில் நிற்பதனால் முதற்கிழமையிற் குழப்பம் நேர்வதுண்டு. தமிழில் வேறொரு சொல் ஆக்கிக்கொள்ளலாம் என்பாரும் உளர். செய்மதி என்று நாமும் செயற்கைக்கோள் என்று தமிழகத்தாரும் வழங்கிவரும் இரட்டை வழக்கே போதாதா என்பது என் எண்ணம். பிளாஸ்மா பிளாஸ்மாவாகவே இருக்கட்டும். அதன் தனி இயல்பு யாதெனில், அதிலுள்ள துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதுவதைவிட மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் கட்டுப்பட்டே நடக்கும் என்பதாகும். அவற்றின் நகர்வே மின்னோட்டமாகி அந்தப் புலங்களை மாற்றவும் செய்யும். ஆகவே புலத்தை அளந்தாற் போதாது, துணிக்கையை அளந்தாலும் போதாது. இரண்டையும் ஒரே கணத்தில் அளத்தல் வேண்டும்.

அந்தக் கணம் எவ்வளவு சிறியது என்பதை அறிய ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. 1859 செப்டெம்பர் முதலாந் திகதி இங்கிலாந்தில் கரிங்ரன் என்பார் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது சூரிய முகத்தில் வெண்ணிறப் பிழம்பொன்று தோன்றி மறையக் கண்டார். அடுத்த நாள் உலகெங்கும் காந்தமானிகள் குழம்பின. பம்பாயின் கொலாபா அவதான நிலையத்திற் புவிக்காந்தத்தின் கிடைக்கூறு ஏறத்தாழ 1,600 நனோதெசுலா வீழ்ந்ததாகப் பதிவாயிற்று. இந்த அகலக்கோடுகளில் அது பெரும் வீழ்ச்சியே. அக்காலத்துப் பதிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதே இங்கு நாம் கருதவேண்டியது. தொங்கவிடப்பட்ட காந்தத்தின் அசைவைத் தொலைகாட்டியால் அளவுகோலில் நோக்கி, மனிதர் கையால் எழுதினர். அமைதியான வேளைகளில் மணிக்கொருமுறை; குழப்ப வேளைகளிற் சில நிமிடங்களுக்கு ஒருமுறை. கண் இமைத்து, எண்ணைப் படித்து, மைதொட்டு எழுதும் வேகமே கருவியின் வேகம். அந்நிலையம் பிற்காலத்திற் பட்ட பாடும் குறிப்பிடத்தக்கது. பம்பாயில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்தமையால், அவற்றின் மின்னோட்டம் காந்தமானிகளைக் கெடுக்கும் என்று கண்டு, 1904இல் அலிபாக் என்ற கடற்கரையூருக்குக் காந்த அவதானத்தை மாற்றினர். இன்றைய செய்மதிகள் தம் காந்தமானியைப் பல மீற்றர் நீளமான கோலின் நுனியிற் சுமந்து செல்வதும் இதே காரணத்தாலாகும்: தன் உடலிலோடும் மின்னோட்டத்துக்குத் தானே அஞ்சவேண்டிய நிலை.

மெதுவான கருவி மங்கலான படத்தையே தரும் என்று மட்டும் நினைத்தல் ஆகாது. அது சிலவேளை தலைகீழான செய்தியையும் தரும். இதற்கு 1958இன் கதையினும் சிறந்த சான்று நான் அறியேன். அவ்வாண்டு சனவரி 31ஆந் திகதி ஏவப்பட்ட எக்ஸ்புளோரர்-1 என்னும் அமெரிக்கச் செய்மதியில் அயோவாப் பல்கலைக்கழகத்து வான் அலன் குழுவினர் ஒரு கைகர் எண்ணியை வைத்திருந்தனர். தாழ்ந்த உயரங்களில் அது எதிர்பார்த்தபடி எண்ணியது. மிக உயர்ந்த இடங்களிலிருந்து வந்த பதிவுகளில் எண்ணிக்கை பூச்சியமாயிற்று. கருவி பழுதடைந்ததோ என்ற ஐயம் எழுந்தது. கைகர் எண்ணியானது ஒரு துணிக்கையை எண்ணியபின் அடுத்ததை எண்ண ஆயத்தமாவதற்குச் சிறிது நேரம் எடுப்பது. அந்நேரத்துக்குள் அடுத்தடுத்து ஆயிரக்கணக்கான துணிக்கைகள் வந்து மோதினால், கருவி மீண்டெழ வழியின்றி வாயடைத்துப்போகும். மக்கில்வெயின் என்ற இளைஞர் ஆய்கூடத்தில் வலிய எக்ஸ்-கதிரை அதே வகை எண்ணியின்மீது செலுத்தி அதனை வாயடைக்கச் செய்து காட்டினார். மார்ச்சில் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர்-3 நாடாப் பதிவியோடு சென்று முழுச் சுற்றுக்கும் பதிவு தந்தபோது ஐயம் நீங்கிற்று. துணிக்கைகளே இல்லையென்று கருவி சொன்ன இடத்திலேதான் அவை மிகுதியாக இருந்தன. புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வலயங்கள் அவ்வாறே அறியப்பட்டன. வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம், பூச்சியம் என்று எழுதுமுன் கருவியின் கதியைக் கேள் என்று நான் சேர்த்துச் சொல்வதுண்டு.

பின்வந்த ஆண்டுகளிற் கருவிகள் நுட்பமாயின. இலத்திரன்களின் சக்தியை அளக்கும் கருவி எளிய தத்துவத்தில் அமைந்தது. ஒன்றினுள் ஒன்றாகக் கவிழ்த்த இரு அரைக்கோளக் கிண்ணங்களைக் கற்பனை செய்க. அவற்றின் இடைவெளி சில மில்லிமீற்றர் மாத்திரமே. இரண்டுக்குமிடையே ஓர் அழுத்த வேறுபாட்டைப் பிரயோகித்தால், குறித்த சக்தியுடைய இலத்திரன்கள் மாத்திரம் அவ்வளைந்த இடைவெளியூடே வளைந்து சென்று மறுமுனையை அடையும். சக்தி கூடியவை வெளிச்சுவரில் மோதும். குறைந்தவை உட்சுவரில் மோதும். அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால் ஒவ்வொரு சக்திக்கும் உரிய எண்ணிக்கை கிடைக்கும். மாவை வெவ்வேறு கண்ணளவுள்ள அரிதட்டுகளில் அடுத்தடுத்து அரிப்பதைப் போன்றது இது. காந்தப்புலத்தை அளப்பதற்குப் பெரும்பாலும் பயன்படுவது பாயவாயிற் காந்தமானி. எளிதிற் காந்தமாகும் உலோக அகணி ஒன்றைச் சுருளினால் மாறி மாறி இரு திசையிலும் நிரம்பல்நிலைக்குக் காந்தமாக்குவர். வெளிப்புலம் ஒன்றும் இல்லையேல் இரு திசைகளும் சமனாக நிற்கும். வெளிப்புலம் சிறிதேனும் இருப்பின் ஒரு திசை முந்திக்கொள்ளும். அச்சமனின்மை இரண்டாவது சுருளில், செலுத்திய மீடிறனின் இருமடங்கான மீடிறனுடைய சைகையாகத் தோன்றும். 1958 மே மாதத்திற் சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக்-3 அத்தகைய காந்தமானியைச் சுமந்து சென்றது.

இடர்ப்பாடு எங்கிருந்தது எனில், திசையில். அரைக்கோளக் கருவி ஒரு தளத்திலிருந்து வரும் துணிக்கைகளையே ஒரு நேரத்திற் காணும். பிளாஸ்மாவை முழுதும் அறிய எல்லாத் திசைகளையும் காணவேண்டும். அதற்கு எளிய வழியாகச் செய்மதியையே பம்பரம்போற் சுழலவிட்டனர். ஒரு சுற்று முடிந்தால் ஒரு முழு அளவீடு. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பியர் ஏவிய கிளஸ்ரர் செய்மதிகள் நான்கும் நான்கு செக்கனுக்கு ஒருமுறை சுழன்றன. பேரமைப்புகளை ஆராய அது போதும். துருவ ஒளித் திரையின் ஒரு மடிப்புக்கோ அது போதாது. செய்மதி பாதி சுழன்று முடியுமுன்னரே அம்மடிப்பைக் கடந்துவிடும்.

இந்தத் தடையை நேரே எதிர்கொண்டு வடிவமைக்கப்பட்டதே பாஸ்ற் என்னும் சிறு செய்மதி. பெயரிலேயே விரைவு என்ற பொருளை வைத்துக்கொண்டது. துருவ ஒளியைக் கணப்படங்களாகப் பிடிக்கும் ஆய்வுகலம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சாள்ஸ் கார்ல்சன் தலைமையில் அதன் ஆய்வு அமைந்தது. ஏவுகலத்தில் நேர்ந்த தொல்லைகளால் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தாமதித்து, 1996 ஆகஸ்ட் 21ஆந் திகதி, விமானத்தின் வயிற்றிலிருந்து விடப்பட்ட பெகாசஸ் ரொக்கெற்றின் மூலம் அது சென்றது. 350 கிலோமீற்றரிலிருந்து ஏறத்தாழ 4,175 கிலோமீற்றர் வரை உயர்ந்து தாழும் நீள்வட்டப் பாதை. முனைவுகளை அண்டிச் செல்லும் சாய்வு. எடை இருநூறு கிலோகிராமுக்கு உட்பட்டது. ஐந்து செக்கனுக்கு ஒருமுறை அதுவும் சுழன்றது. ஆயினும் சுழற்சியை நம்பி இருக்கவில்லை. கருவித் தலைகளை உடலைச் சுற்றி எதிரெதிரே வைத்து, காந்தப்புலக் கோடு செல்லும் தளத்தை 360 பாகையும் ஒரே வேளையில் நோக்கச் செய்தனர். அதனால் ஏறத்தாழ 80 மில்லிசெக்கனில் ஒரு முழு இலத்திரன் பரம்பல் கிடைத்தது. பாதைத் தூரத்திற் கணித்தால் அரைக் கிலோமீற்றர் அளவு. குடாநாட்டு உவமைக்கு மீண்டால், ஒரு கிராமத்துக்கு ஓர் அளவீட்டுக்கு மேலேயே கிடைத்தது எனலாம்.

வேகமாக அளந்தால் மட்டும் போதுமா? அளந்ததை எங்கே வைப்பது என்ற கேள்வி உடனே எழுகின்றது. அக்காலத்தில் ஒரு கிகாபிற் அளவான நினைவகமே அச்செய்மதிக்கு வாய்த்தது. இன்று நம் மாணவர் சட்டைப்பையிற் கொண்டுதிரியும் தொலைபேசியினது நினைவகத்தில் அது ஒரு மூலைக்கும் காணாது. எனவே துருவ ஒளி வலயத்தைக் கடக்கும் நிமிடங்களில் மாத்திரம் வேகமாக அளப்பதெனவும், சைகை திடீரென உயரும் இடங்களைக் கருவியே தெரிந்து அந்தத் துண்டைப் பாதுகாத்து ஏனையவற்றை விடுவதெனவும் ஏற்பாடு செய்தனர். தெரிந்தெடுக்கும் இந்த வேலை கருவியின் உயிர்நாடி என்பதை வெளியிலிருப்போர் பெரும்பாலும் அறியார்.

பாஸ்ற் கண்டவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஒன்றுண்டு. துருவ ஒளி உண்டாகும் இடத்தில் இலத்திரன்கள் மேலிருந்து கீழே முடுக்கப்பட்டு வளிமண்டலத்தில் மோதி ஒளியை எழுப்புகின்றன. வந்த மின்னோட்டம் திரும்பிச் செல்லவும் ஒரு வழி வேண்டுமல்லவா? ஒளித் திரையின் அருகே, ஒளியே இல்லாத பகுதிகளில் இலத்திரன்கள் கீழிருந்து மேலே வலிய கற்றைகளாக முடுக்கப்பட்டு ஓடுவதைப் பாஸ்ற் தெளிவாகக் காட்டிற்று. அங்கே ஒரு மில்லிசெக்கனும் நீடியாத மின்புலத் துடிப்புகள் நிறைந்திருந்தன. கண் காணாத இருளிலும் ஒரு சுற்றின் மறுபாதி ஓடிக்கொண்டிருந்தது. முன்சென்ற கருவிகளில் இவற்றின் நுண்ணமைப்பு பெரிதும் சராசரியிற் கரைந்துபோயிற்று. 2009 மே மாதத்தில் அச்செய்மதியின் பணி நிறுத்தப்பட்டது.

அதன்பின் வந்த பாய்ச்சலைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். 2015 மார்ச்சில் நாசா நிறுவனம் எம்.எம்.எஸ். என்ற நான்கு செய்மதிகளை ஒருங்கே ஏவியது. சூரியனிலிருந்து வரும் பிளாஸ்மாவின் காந்தப்புலம் புவியின் காந்தப்புலத்தோடு அறுந்து மறுபடி இணையும் இடத்தைக் கண்டுபிடிப்பது நோக்கம். அவ்விடத்தின் உட்கரு சில கிலோமீற்றர் தடிப்பே உள்ளது. அது செக்கனுக்குப் பத்துக் கிலோமீற்றர் கணக்கில் அசைவது. தடிப்பு ஐந்து கிலோமீற்றர், வேகம் ஐம்பது என்று கொண்டால் பத்திலொரு செக்கனில் அது செய்மதியைத் தாண்டிவிடும். நான்கு செக்கன் கருவிக்கு அது நடந்ததே தெரியாது. எம்.எம்.எஸ்.இன் ஒவ்வொரு செய்மதியிலும் இலத்திரன்களுக்கென எட்டுத் தலைகளும் அயன்களுக்கென எட்டுத் தலைகளும் எல்லாப் புறமும் நோக்க, இலத்திரன் அளவீடு 30 மில்லிசெக்கனிலும் அயன் அளவீடு 150 மில்லிசெக்கனிலும் முடிகின்றது. பத்திலொரு செக்கனுக்குள் மூன்று படங்கள். நான்கு செய்மதிகளும் ஒரு நான்முகியின் உச்சிகளாக நின்று பறக்கும். 2016இல் அவற்றின் இடைத்தூரத்தை ஏறத்தாழ ஏழு கிலோமீற்றராகக் குறைத்தனர். யாழ் நகரிலிருந்து கோப்பாய்க்குள்ள தூரம் அவ்வளவுதான். 2015 ஒக்டோபர் 16ஆந் திகதி அவை அந்த உட்கருவைக் கடந்து சென்றன. முடிவுகள் அடுத்த ஆண்டு வெளிவந்தன. அங்கேயும் அளந்தவற்றிற் சிறு பங்கே விரைவுநிலையில் புவிக்கு அனுப்பப்படும். எப்பங்கு என்பதைத் தீர்மானிக்க நாள்தோறும் ஒரு விஞ்ஞானி முறைவைத்து அமர்ந்து, குறைந்த நுணுக்கப் பதிவைப் பார்த்துத் தெரிகின்றார். கொலாபாவில் அளவுகோலை நோக்கியிருந்த மனிதர் முற்றாக மறைந்துவிடவில்லை.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். இவையெல்லாம் வடதுருவத்து வானமும் எழுபதாயிரம் கிலோமீற்றர்த் தொலைவும். நமக்கு என்ன?

என் சிறுவயதில், 1990களின் முற்பகுதியில், குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வானொலிக்கு மின்கலமும் கிடையாது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து கம்பியிழுத்து வானொலி கேட்டோம். அந்த ஆண்டுகளை இங்கே கழித்தவர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் முற்றத்திற் சுழற்றும் வேலை என்னுடையது. செய்தி கேட்கும் உரிமை பெரியவர்களுடையது. பொழுதுபட்ட பின்னர் சிற்றலையில் வரும் குரல் சில நாட்களில் அலையலையாய் நடுங்கும், எழும், அமிழும். முக்கியமான பெயரோ ஊரோ சொல்லப்படும் இடத்தில் அமிழ்ந்துபோனால், “டேய், ஒழுங்காச் சுத்து” என்று பெரியப்பா அதட்டுவார். நானோ ஒரே சீராகத்தான் சுற்றிக்கொண்டிருப்பேன். கை வலிக்க வலிக்க இன்னும் வேகமாகச் சுற்றினாலும் அந்த நடுக்கம் தீராது. பல்கலைக்கழகத்திற்கு வந்து அயன்மண்டலம் பற்றிக் கற்றபோதுதான் குற்றம் என் கையிலில்லை என்பதற்குச் சான்று கிடைத்தது. அதை அவரிடம் சொல்ல அவர் அப்போது உயிரோடில்லை.

சிற்றலை நமக்கு வந்து சேர்வது அயன்மண்டலத்திற் பட்டுத் திரும்புவதனாலாகும். அந்த மண்டலத்தில் நமது இடம் சாதாரணமானதன்று. காந்த ஊசி மேலுங் கீழும் சாயாது கிடையாக நிற்கும் கோட்டைக் காந்த மத்தியகோடு என்பர். அக்கோடு இலங்கையைக் குறுக்கறுத்துச் செல்கின்றது. அதன் இருபுறமும் ஏறத்தாழ மும்மூன்று பாகை அகலமான பட்டியில், பகல் வேளையில், 105 கிலோமீற்றர் அளவான உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலியதொரு மின்னோட்டம் ஓடுகின்றது. சிட்னி சப்மன் 1951இல் இதற்கு மத்தியகோட்டு மின்னாறு என்ற பொருள்படப் பெயரிட்டார். கிடையான காந்தப்புலமும் அதற்குக் குறுக்கான மின்புலமும் சேர்ந்து இலத்திரன்களை மேலே தள்ள முனைய, மின்கடத்தாத அடுக்குகள் அவற்றைத் தடுக்க, மின்னேற்றம் தேங்கி நிலைக்குத்தான மின்புலம் எழுந்து, அதுவே கிழக்கு நோக்கிய ஓட்டத்தைப் பன்மடங்காக்குகின்றது. யாழ்ப்பாணம் அந்தப் பட்டியினுள் அடங்கும். நண்பகலில் நாம் நடக்கும்போது நம் தலைக்கு நேர்மேலே ஓடும் இந்த ஆற்றை நோர்வேக்காரர் தம் வானத்திற் காணமாட்டார்.

ஆற்றை முதலிற் கண்டது தரையிலிருந்த காந்தமானி. கிழக்கு நோக்கிய மின்னோட்டத்துக்குக் கீழே நிற்பவருக்குக் காந்தப்புலத்தின் வடக்குக்கூறு கூடும்; மேலே நிற்பவருக்குக் குறையும். ஆகவே மின்னோட்டம் எந்த உயரத்தில் ஓடுகின்றது என்பதை ஐயமறக் காட்ட, காந்தமானியை அதனூடே செலுத்த வேண்டும். கேரளக் கரையிலுள்ள தும்பா என்னும் மீனவர் ஊர் ரொக்கெற் ஏவுமிடமாகத் தெரியப்பட்டதற்குக் காரணம் அது காந்த மத்தியகோட்டில் அமைந்திருந்தமையே. விக்கிரம் சாராபாயின் முயற்சியில் 1963 நவெம்பர் 21ஆந் திகதி முதலாவது நைக்-அப்பாச்சி ரொக்கெற் அங்கிருந்து சென்றது. 1964 சனவரியிற் காந்தமானியைச் சுமந்த ரொக்கெற்றுகள் அந்த மின்னாற்றைத் துளைத்துச் சென்றன. பின்னர் அகமதாபாத்தின் பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சத்திய பிரகாசும் அவருடன் பணியாற்றியோரும் இலாங்மியூர்த் துழாவியை ரொக்கெற்றுகளில் வைத்து, அந்த ஆற்றினுள்ளே பிளாஸ்மா அடர்த்தி சில மீற்றர் இடைவெளியிலேயே ஏறியிறங்குவதை அளந்தனர். செய்மதிக்குக் கிட்டாத நுணுக்கம் ரொக்கெற்றுக்குக் கிட்டியதற்கு ஒரு காரணம் அதன் மெதுவான செலவு: செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்ற அளவிலேயே அது அந்த அடுக்கைக் கடக்கும்.

இன்றைக்கும் அந்த மின்னாற்றைத் தரையிலிருந்து இடைவிடாது காவல் செய்யும் நிலையங்களுள் ஒன்று தமிழகத்தின் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் உள்ளது. இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் மத்தியகோட்டு ஆய்வுகூடம் அது. நமது பல்கலைக்கழகம் இருப்பதும் திருநெல்வேலியிலேதான். பெயர் ஒன்று, கடல் இடையே, மேலே ஓடும் ஆறும் ஒன்று. இந்தியாவிற் பதிவேடுகள் தொடர்ந்து நிரம்பிய அதே ஆண்டுகளில் இங்கே நாங்கள் டைனமோ சுற்றிக்கொண்டிருந்தோம். அளவீட்டுத் தொடர் என்பது நாளுக்கு நாள் சேர்வது. தவறிய ஆண்டின் அளவீட்டைப் பின்னர் எவ்வளவு பணங்கொடுத்தும் வாங்க முடியாது. அந்த இழப்பை நான் எண்ணாத நாளில்லை.

வாங்கத் தேவையில்லாத ஒன்று இப்போது நம் கைக்கெட்டியுள்ளது. 2013 நவெம்பர் 22ஆந் திகதி ஐரோப்பிய விண்வெளி முகவரகம் ஏவிய சுவார்ம் என்னும் மூன்று செய்மதிகள் செக்கனுக்கு 50 முறை காந்தப்புலத்தை அளப்பன. அதாவது 150 மீற்றருக்கு ஒரு புள்ளி. பாஸ்ற், எம்.எம்.எஸ். ஆகியவற்றின் தரவுகளைப் போலவே அவற்றின் தரவுகளும் எவர்க்கும் இலவசமாய்க் கிடைக்கின்றன. இறுதியாண்டு மாணவி ஒருவர் தம் ஆய்வுத்திட்டத்துக்காக ஒரு நண்பகற் கடப்பின் தரவை எடுத்துப் புவியின் உட்பகுதியால் எழும் பெரும் புலத்தை அதிலிருந்து கழித்தார். அவ்வாறு கழித்தபின் எஞ்சியது சில பத்து நனோதெசுலா மாத்திரமே. அதிலே ஒரு பள்ளம் தெளிவாக விழுந்திருந்தது. பாடநூலிற் படித்தபடி, ஆற்றுக்கு மேலே பறப்பவருக்குப் புலம் குறைகின்றது. வரைபின் கிடையச்சில் 9.7 பாகைக்கு நேரே அவர் பென்சிலால் ஒரு சிறு கோடு இட்டு வந்தார். அக்கோடு பள்ளத்தின் சரிவிலே நின்றது. ஆயிரம் சமன்பாடுகள் எழுதியும் நான் ஊட்டமுடியாத நம்பிக்கை ஒன்றை அந்தப் பென்சிற் கோடு அவ்வகுப்புக்கு ஊட்டிற்று.

என் கையைக் குற்றஞ்சாட்டிய அந்த மாலைநேர நடுக்கமோ இன்னும் முற்றாக அளந்து முடிக்கப்படவில்லை. பொழுதுபட்டதும் அயன்மண்டலத்தின் கீழ்ப்பகுதி விரைவாக வற்ற, அடர்த்தி கூடிய பிளாஸ்மா மேலும் குறைந்தது கீழுமாக நிற்கும் நிலை உண்டாகின்றது. எண்ணெயின்மேல் நீரைக் கவனமாக ஊற்றி வைத்தாற்போன்ற நிலை அது. சிறு அசைவு போதும். அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழாகத் திரண்டு மேலே கிளம்பும். அதன் ஊடே வரும் வானொலி அலையும் வழிகாட்டிச் செய்மதிகளின் சைகையும் சிதறி நடுங்கும். கடற்றொழிலாளர் தோணியில் வைத்திருக்கும் இடங்காட்டிக் கருவிக்கும் இது பொருந்தும். சுவார்மின் இலாங்மியூர்த் துழாவி செக்கனுக்கு இருமுறை அளப்பது. ஏறத்தாழ நான்கு கிலோமீற்றருக்கு ஒரு புள்ளி. குமிழின் இருப்பைக் காட்ட அது போதும். குமிழின் ஓரத்திற் பத்து மீற்றர், ஒரு மீற்றர் என உடைந்து சுழலும் நுண்ணமைப்புகள் அப்புள்ளிகளுக்கிடையே நழுவிவிடுகின்றன. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டெம்பர் மாதங்களை அண்டிய மாலைகளில், சூரியன் உக்கிரமாயிருக்கும் ஆண்டுகளிலே, விளக்குவைத்து ஒரு மணிநேரம் கழிய, நம் கூரைகளுக்கு முந்நூறு கிலோமீற்றர் மேலே அவை எழத் தொடங்கும்.